ஓவல் ட்ராக்ல உள்ள போறப்ப லூஸ், நடுவுல டைட், வெளிய வர்றப்ப மறுபடி லூஸ்: எந்த ஸ்பிரிங்க மாத்தணும்?

முதல்ல நீங்க கேட்டத நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு ஒருதடவ திருப்பிச் சொல்லிடுறேன். நார்த் கரோலினால படிச்சுக்கிட்டு மூணு பேர் சேர்ந்து காசு போட்டு, ஏற்கனவே ரேஸ் ஓடின 1985 ஷெவர்லே மான்டி கார்லோ கார் ஒண்ணு வாங்கியிருக்கீங்க. ஸ்ட்ரீட் ஸ்டாக் க்ளாஸ் (ரோட்டுல ஓடின கார ரேஸுக்கு மாத்தி ஓட்டுற க்ளாஸ்), 3/8 மைல் கிட்ட இருக்குற தார் ஓவல். பிரேக் புடிச்சு டர்னுக்குள்ள போறப்ப பின்பக்கம் வெளிய வீசுது (இததான் லூஸ்னு சொல்றோம்), டர்ன் நடுவுல ஸ்டியரிங்க எவ்ளோ ஒடிச்சாலும் முன்பக்கம் செவுத்தப் பாத்தே ஓடுது (இது டைட்), ஆக்ஸிலேட்டர் குடுத்து வெளிய வர்றப்ப மறுபடி பின்னாடி ஒதுங்குது. "எந்த ஸ்பிரிங்க மாத்தணும், என்ன ரேட் போடணும்"னு கேட்டிருக்கீங்க. நீங்க சொன்ன மூணு தொல்லையும் மூணு வேற வேற ஸ்பிரிங் பிரச்சனையா எனக்குத் தெரியல. முதலாவது அனேகமா பிரேக். ரெண்டாவது டயர் சுத்தளவு, கேம்பர் (வீல் சாஞ்சிருக்குற கோணம்), க்ராஸ் வெயிட் (வலது முன்னும் இடது பின்னும் சேந்து சொமக்குற எடையோட பங்கு) இந்த மூணுல ஒண்ணு. மூணாவது, ரெண்டாவதோட விளைவு. அதனால ஸ்பிரிங்குக்கு இப்பவே காசு செலவு பண்ணாதீங்க.

நான் பகல்ல மெஷின் ஷாப்ல வேல பாக்குறவன், 11 வருஷமா சனிக்கிழமை ராத்திரின்னா ஒரு நண்பரோட ஸ்ட்ரீட் ஸ்டாக் வண்டிக்கு பிட்ல நிக்கிறேன், உங்க வண்டியோட அதே மெட்ரிக் சேஸிஸ்தான் (1978லேர்ந்து 88 வரைக்கும் வந்த மான்டி கார்லோ, மாலிபு, கட்லஸ், ரீகல் எல்லாத்துக்கும் அடியில இருக்குறது, 108 இன்ச் வீல்பேஸ்). நான் சொல்றது எல்லாம் தார் ட்ராக் அனுபவம். மண் ட்ராக்ல நான் வேல பண்ணினது ரொம்பக் கம்மி, அங்க பல விஷயம் தலைகீழா இருக்கும், அதனால மண்ணுக்கு இத எடுத்துக்காதீங்க. இன்னொண்ணு, உங்க ட்ராக்கோட ரூல் புக்க மொதல்ல முழுசா படிங்க, ஒரு ட்ராக்ல விடுறத இன்னொரு ட்ராக்ல விட மாட்டாங்க. தட்டையான ட்ராக்குக்கு ஒரு மாதிரி, சரிவு இருக்குறதுக்கு ஒரு மாதிரி வேணும். வின்ஸ்டன்-சேலம் போமன் கிரே ஸ்டேடியம் மாதிரி ஃபுட்பால் கிரவுண்டச் சுத்தி இருக்குற கால் மைல் தட்டை ட்ராக்ல பிரேக்கும் நடுவுல திரும்புறதும்தான் எல்லாம், சரிவு அதிகமா இருந்தா வண்டியே கீழ அமுங்கும், ஸ்பிரிங்குக்கு வேல கூடும்.

மொதல்ல மூணாவது தொல்லைய முடிச்சிடுறேன், ஏன்னா புதுசா வர்றவங்க எல்லாரையும் ஏமாத்துறது இதுதான். நடுவுல முன்பக்கம் திரும்ப மாட்டேங்குதுன்னா ஓட்டுறவர் என்ன பண்ணுவார், இன்னும் ஸ்டியரிங்க ஒடிப்பார். வேகம் கொறைஞ்சதும் முன் டயருக்குப் பிடி வந்துரும், ஆனா ஸ்டியரிங் இன்னும் ஒடிச்ச நிலையிலேயே இருக்கும், அந்த நேரம் பாத்து ஆக்ஸிலேட்டர மிதிப்பார். முன்பக்கம் சட்டுனு உள்ள வெட்டும், பின்பக்கம் சுத்திக்கிட்டு வெளிய வந்துரும். இறங்கி வந்து "எக்ஸிட்ல லூஸ்"னு சொல்வார். அவர் சொல்றது பொய் இல்ல, ஆனா காரணம் நடுவுல இருக்கு. அந்த வார்த்தைய நம்பி வண்டிய இன்னும் டைட் பண்ணினீங்கன்னா நடுவுல இன்னும் மோசமாகும், எக்ஸிட்டும் மோசமாகும். வெளியில நின்னு ஒருத்தர் அவரோட கையையும் முன் வீலையும் மட்டும் ஃபோன்ல வீடியோ எடுக்கட்டும், நடுவுல கை எவ்ளோ ஒடிஞ்சிருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சிரும்.

இப்ப உள்ள போறப்ப லூஸ், அதாவது பிரேக். இத நான் கொஞ்சம் நீட்டியே சொல்லப் போறேன், ஏன்னா எங்க வண்டில இதே தொல்லைக்கு மூணு சனிக்கிழமை வீணாக்கியிருக்கோம். உள்ள போனா பின்னாடி வீசும். முன் ஸ்பிரிங் மாத்தினோம், ஸ்வே பார் (வண்டி பக்கவாட்டுல சாயிறதக் கொறைக்கிற கம்பி) மாத்தினோம், ஷாக் மாத்தினோம், கொஞ்சம் கொறையும், மறுபடி வரும். நாலாவது வாரம் ப்ராக்டிஸ் முடிஞ்சு வண்டி உள்ள வந்த உடனே, வேற எதுக்கோ கையில வச்சிருந்த டெம்பரேச்சர் கன்ன சும்மா பின் டிரம்ல காட்டினேன். இடது டிரம் 410 டிகிரி ஃபாரன்ஹீட், வலது 190. ரெண்டுதடவ மாத்தி மாத்தி காட்டினேன், அதேதான். கழட்டிப் பாத்தா வலது பின் வீல் சிலிண்டர்ல ஒரு பக்கத்து பிஸ்டன் துரு புடிச்சு ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல, அந்தப் பக்கத்து ஷூல பழைய பளபளப்பு அப்படியே இருக்கு, இன்னொரு ஷூ மட்டும் தேஞ்சிருக்கு. பின்னாடி இடது மட்டும் புடிச்சா வண்டிய இடது பக்கமா சுழட்டி விடும், நாங்க திரும்புறதும் இடது பக்கம், அப்ப பின்பக்கம் வலது பக்கம் வெளிய வராம என்ன பண்ணும். ஒரு சின்ன வீல் சிலிண்டர், அவ்ளோதான். அதுலேர்ந்து ஒவ்வொரு ப்ராக்டிஸுக்கு அப்புறமும் நாலு வீலையும் கன்ல பாத்து எழுதி வைக்காம அடுத்த வேலைக்கு நான் போறதில்ல.

நீங்களும் அதையே மொதல்ல பண்ணுங்க. முன்னாடி ரெண்டும் பின்னாடி ரெண்டவிட நல்லா சூடா இருக்கணும், வலமும் இடமும் ரொம்ப வித்தியாசம் இல்லாம இருக்கணும். டிரம்ம கழட்டும்போது காத்தடிச்சு தூசி பறக்க விடாதீங்க, பழைய ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரேக் கிளீனர் தெளிச்சு நனைச்சே தொடைங்க. ஷூ அட்ஜஸ்ட்மென்ட் ரெண்டு பக்கமும் ஒரே அளவு வைங்க. முன் கேலிப்பர்ல ப்ளீடர் (லைன்ல இருக்குற காத்த வெளிய விடுற திருகு) மேல் பக்கம் இருக்கான்னு பாருங்க, வலதையும் இடதையும் மாத்தி மாட்டினா ப்ளீடர் கீழ வந்துரும், எவ்ளோ நேரம் ப்ளீட் பண்ணினாலும் உள்ள இருக்குற காத்து போகாது, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும், இத நான் வெவ்வேற வண்டிங்கள்ல பாத்திருக்கேன்.

அடுத்து, பழைய கம்பெனி வால்வு இன்னும் இருக்கான்னு தேடுங்க, மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழ ஃப்ரேம் கிட்ட பித்தளைல ஒரு கட்டையா இருக்கும். ரோட்டுல ஓடுற காருக்காக வச்ச வால்வு அது. பின் டிரம்ல ஷூ போய் ஒட்டுற வரைக்கும் முன் டிஸ்க்குக்குப் போற பிரஷர கொஞ்ச நேரம் தடுத்து வைக்கிற வேலையும் அதுக்குள்ள இருக்கு. மழை ரோட்டுல அது நல்லது. ஆனா டர்னுக்குள்ள நொழையிற அந்த ஒரு நொடில பின் பிரேக் முந்திக்கிச்சுன்னா லூஸ்தான். ரூல் விட்டா அத எடுத்துட்டு, பின் லைன்ல மட்டும் கையால திருகுற ப்ரபோர்ஷனிங் வால்வு போடுங்க. ரேஸ் காருக்கு மட்டும் சொல்றேன், ரோட்டுல ஓட்டுற வண்டில இதத் தொடவே தொடாதீங்க. அந்த வால்வு முன் பிரேக்க ஏத்தாது, ஒரு அளவுக்கு மேல பின்னாடி ஏறுற பிரஷர மட்டும் மட்டுப்படுத்தும். மொதல்ல பின்னாடிய நல்லா கொறைச்சு வச்சு ஓடுங்க, உள்ள போறப்ப முன்பக்கம் நேரா ஓடுற மாதிரி ஆகும், அப்புறம் கால் சுத்து, கால் சுத்தா பின்னாடி கூட்டிக்கிட்டே வாங்க. மொத்த பிரேக்குல 60 சதவீதம் கிட்ட முன்னாடி இருக்குற மாதிரிதான் எங்க வண்டி நிக்குது, ஒவ்வொரு வண்டிக்கும் இது கொஞ்சம் மாறும்.

பூஸ்டர (கால் அமுக்குற விசைய கூட்டித் தர்றது) எடுத்த வண்டியா இருந்தா பெடல் கணக்கையும் பாருங்க. பெடல் 6க்கு 1னு வச்சுக்கலாம், காலால 100 பவுண்டு அமுக்கினா மாஸ்டர் சிலிண்டருக்கு 600 பவுண்டு போகுது. மாஸ்டர் சிலிண்டரோட போர், அதாவது உள் விட்டம், 1 இன்ச்னா பரப்பு 0.785 சதுர இன்ச், லைன்ல 764 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச்சுக்கு இத்தன பவுண்டு) வரும். 7/8 இன்ச்சுன்னா 0.601, அதே காலுக்கு கிட்டத்தட்ட 1000 பிஎஸ்ஐ. பெடல் கல்லு மாதிரி இருக்கு ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதுன்னு சொல்றவங்க நெறைய பேருக்கு போர் பெருசா இருக்கும், பிரேக் பேட குத்தம் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. சின்ன போர் போட்டா பெடல் கொஞ்சம் ஆழமா போகும், அது இயல்பு. பிரேக் ஆயில் தண்ணிய உறிஞ்சும், டாட் 3 (பிரேக் ஆயிலோட ஒரு தரம்) புதுசா இருக்கப்ப கொதிநிலை கொறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் இருக்கணும், ஈரம் ஏறிட்டா அது 140 வரைக்கும் இறங்கலாம், டாட் 4னா 230, 155. மார்ட்டின்ஸ்வில் ட்ராக் மாதிரி நீளமான நேர் பாதையும் இறுக்கமான டர்னும் இருக்குற இடத்துல நாஸ்கார் பெரிய வண்டிங்களோட டிஸ்க்கே ராத்திரில செவசெவன்னு எரியிறத பாத்திருப்பீங்க, உங்க வண்டி அவ்ளோ சூடாகாது, ஆனாலும் சீசன்ல சிலதடவ ஆயில முழுசா மாத்துறது மலிவான வேலை. டாட் 5 சிலிகான் ஆயில் மட்டும் ஊத்தாதீங்க, சூட்டுல பெடல் மெத்துனு ஆயிரும்.

பிரேக் சரியாச்சுன்னா நடுவுல டைட்டுக்கு வரலாம். இதுக்கு ஒரே ஒரு அடிப்படை தெரிஞ்சா போதும். டயர் மேல எடை ரெண்டு மடங்கு ஏத்தினா பிடி ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் கம்மியாதான் ஏறும். அதனால முன்பக்கத்து ரெண்டு டயர்ல வலது ஒண்ணு மேலயே எல்லா சுமையும் போச்சுன்னா முன்பக்கத்தோட மொத்தப் பிடி கொறையுது, அதுதான் டைட். பின்னாடி வலது ஒண்ணே சொமந்தா லூஸ். ஸ்பிரிங், ஸ்வே பார், க்ராஸ் எல்லாமே இந்தச் சுமைய நாலு டயருக்கும் பங்கு போடுற வழிதான்.

மொதல்ல டேப்ப எடுங்க. பின்னாடி டிஃப்ரன்ஷியல் (ரெண்டு பின் வீலுக்கும் நடுவுல இருக்குற கியர்) லாக் பண்ணிருக்கான்னு ரெண்டு பின் வீலையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டுல நிறுத்தி, நியூட்ரல்ல சுத்திப் பாருங்க, ரெண்டும் ஒரே பக்கமா சேர்ந்து சுத்தினா லாக்தான். லாக்னா ரெண்டு வீலும் ஒரே வேகத்துல சுத்தும், ஆனா வெளி வீலுக்குப் போக வேண்டிய தூரம் அதிகம், அதனால வலது டயர் சுத்தளவு பெருசா இருக்கணும், அந்த வித்தியாசத்ததான் ஸ்டாகர்னு சொல்றோம். டர்ன் ஆரம் 150 அடின்னா 1800 இன்ச், ரெண்டு பின் வீலுக்கு நடுவுல 60 இன்ச், 1800ல 60னா 30ல ஒரு பங்கு, டயர் சுத்தளவு 84 இன்ச்னா அதுல 30ல ஒரு பங்கு 2.8 இன்ச். நேர் பாதைலயும் ஓடணும்கிறதால முழுசா அவ்ளோ வைக்காம கொஞ்சம் கம்மியா வைப்போம். உங்க வண்டில அளந்தா முக்கால் இன்ச்சோ ஒரு இன்ச்சோதான் இருக்குன்னா, நடுவுல திரும்பாம போறதுக்கு வேற காரணமே தேட வேண்டாம், பின் ரெண்டு வீலும் வண்டிய நேரா தள்ளிக்கிட்டு இருக்கு. ரேஸ்ல வைக்கிற காத்து அளவுல, டயரோட நடுவுல டேப் சுத்தி அளக்கணும். பயஸ் டயர்னா காத்து ஏத்தினா சுத்தளவும் மாறும், ரேடியல்ல அவ்ளோ மாறாது.

அடுத்து கேம்பர். நாம எப்பவும் இடது பக்கம் மட்டும்தான் திரும்புறோம், அதனால முன் ரெண்டு வீலோட தலையும் இடது பக்கமா சாஞ்சிருக்கணும், சைக்கிள்ல வளைவு எடுக்கும்போது சாயிற மாதிரி. வலதுல நெகட்டிவ் (வீலோட தலை வண்டிக்கு உள்பக்கம் சாயிறது), இடதுல பாஸிட்டிவ் (வெளிப்பக்கம் சாயிறது). மெட்ரிக் சேஸிஸுக்கு ஒரு பிறவிக் குறை இருக்கு, மேல் கன்ட்ரோல் ஆர்ம் சாய்ற விதத்தால வலது பக்கம் அமுங்கும்போது வீல் நெகட்டிவ்க்குப் போகாம பாஸிட்டிவ் பக்கம் போகும், நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிரா. அதனால நிக்கும்போதே வலதுல 3, 4 டிகிரி நெகட்டிவ் வைக்க வேண்டியிருக்கும். சரியா இருக்கான்னு டயர்தான் சொல்லும், வண்டி உள்ள வந்த உடனே ஊசி வச்ச பைரோமீட்டர்ல வலது முன் டயர்ல உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூணு இடத்துல பாருங்க. வெளிப்பக்கம் அதிகச் சூடுன்னா நெகட்டிவ் பத்தல, நடு மட்டும் சூடுன்னா காத்து அதிகம். காஸ்டர் (வீல் திரும்புற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்குற கோணம்) வலதுல இடதவிட 2 டிகிரி கூட வச்சா ஸ்டியரிங் தானா இடது பக்கம் போகும், ஓட்டுறவருக்குக் கை நோகாது. முன்னாடி டோ (ரெண்டு வீலோட முன் முனையும் பாக்குற பக்கம்) கொஞ்சம் வெளிய, 1/8 இன்ச் போதும்.

அப்புறம்தான் ஸ்கேல், அதாவது நாலு வீலுக்கும் அடியில வைக்கிற எடை மெஷின். தரை சமமா இருக்கணும், காத்து, பெட்ரோல், ஓட்டுறவர் எடை எல்லாம் ரேஸ்ல இருக்குற மாதிரி இருக்கணும், ஸ்வே பார ஒரு பக்கம் கழட்டி விட்டு, வண்டிய மேலயும் கீழயும் அமுக்கி விட்டுட்டு அளக்கணும். கணக்குக்காக ஒரு உதாரணம்: மொத்தம் 3200 பவுண்டு, இடது முன் 904, வலது முன் 824, இடது பின் 776, வலது பின் 696. வலது முன்னும் இடது பின்னும் கூட்டினா 1600, அது சரியா 50 சதவீதம், அதுதான் க்ராஸ். இடது பின் ஜாக் போல்ட்ட (ஸ்பிரிங்க மேலருந்து அமுக்குற திருகு) உள்ள திருகி அந்த மூலைல 32 பவுண்டு ஏத்தினா, வலது முன்னும் ஏறத்தாழ 32 ஏறும், மத்த ரெண்டுலயும் 32, 32 இறங்கும். இப்ப 872, 856, 808, 664. க்ராஸ் 52 சதவீதம் ஆயிருச்சு, ஆனா இடது பக்கத்து 52.5 சதவீதமும் முன்பக்கத்து 54 சதவீதமும் அசையவே இல்ல, அது ரெண்டும் சீட்டு, பேட்டரி, ஈயக்கட்டி இதெல்லாம் எங்க இருக்குங்கிறதப் பொறுத்தது, ஸ்பிரிங்கால மாறாது. நாலு கால் நாற்காலில ஒரு கால் நீளமானா எதிர்மூலைக் காலும் அழுத்தி நிக்கும்ல, அதே கதைதான். க்ராஸ் ஏறினா டைட், இறங்கினா லூஸ். உங்க வண்டிய வித்தவர் 55, 56ல விட்டிருந்தா ஒரு சதவீதம் இறக்கிப் பாத்தாலே நடுவுல திரும்ப ஆரம்பிக்கும்.

பின் சஸ்பென்ஷன்ல ஒண்ணு மட்டும் கட்டாயம் பாருங்க. மெட்ரிக்ல பின்னாடி நாலு லிங்க், மேல் ரெண்டும் கோணமா இருக்கு, வண்டி சாயிறப்ப அந்த ரப்பர் புஷ் நசுங்கி வழி விட்டாதான் ஆக்ஸில் நகர முடியும், டிசைனே அப்டி. "ரேஸ் கார்தானே"ன்னு எல்லா இடத்துலயும் இரும்பு புஷ்ஷோ கெட்டியான பாலியூரித்தேன் புஷ்ஷோ போட்டுட்டா ஆக்ஸில் சிக்கிக்கிட்டு நிக்கும், அப்ப பின்பக்கமே ஒரு பெரிய ஸ்வே பார் மாதிரி வேல பண்ணும், திடீர்னு லூஸாகும். ரெண்டு ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழட்டிட்டு, ஆக்ஸிலோட ஒரு பக்கத்த மட்டும் ஜாக்கில மெதுவா தூக்கிப் பாருங்க, முனகாம, தடையில்லாம ஏறணும்.

இவ்ளோவும் பாத்து சரி பண்ணின அப்புறமும் டைட்டாவே இருந்தா, அப்பதான் ஸ்பிரிங். வலது முன் கெட்டியாக்கினா டைட், வலது பின் கெட்டியாக்கினா லூஸ். இங்க ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், முன்னாடி 900, 1000 பவுண்டு ஸ்பிரிங் (ஒரு இன்ச் அமுக்க அவ்ளோ பவுண்டு வேணும்னு அர்த்தம்), பின்னாடி 200 பவுண்டு, ஏன் இவ்ளோ வித்தியாசம்னு. முன் ஸ்பிரிங் கீழ் ஆர்ம்ல கிட்டத்தட்ட பாதி தூரத்துல உக்காந்திருக்கு, பாதியோட வர்க்கம் கால், அதனால 1000 பவுண்டு ஸ்பிரிங் வீல்ல 250 மாதிரிதான் தெரியும். முன்னாடி 100 மாத்தினா வீலுக்கு 25 மாத்தின மாதிரி, பின்னாடி 25 மாத்தினாலே கிட்டத்தட்ட அவ்ளோ மாறிடும். அதனால பின்னாடி சின்ன சின்னதா மாத்துங்க. ஸ்பிரிங் மாத்தினா உயரம் மாறும், க்ராஸ் மாறும், திரும்ப ஸ்கேல்ல ஏத்தாம ஓட்டினா எது எதால மாறிச்சுன்னே தெரியாது. லேட் மாடல் (இதவிட மேல் க்ளாஸ்) ஆளுங்க போடுற மெத்து ஸ்பிரிங், தடி பார் செட்டப்ப இப்ப காப்பி அடிக்காதீங்க, அது வேற சேஸிஸ், வேற ஷாக். முன் காயில் ஸ்பிரிங் கழட்டும்போது சங்கிலி போட்டு ஃப்ரேமோட கட்டிட்டு ஜாக்கிய இறக்குங்க, அதுக்குள்ள இருக்குற விசை ஆளையே கொல்லும், அவசரப்படாதீங்க.

ஒரு ப்ராக்டிஸுக்கு ஒரே ஒரு மாத்தம். இந்த வாரம் ட்ராக் போயிட்டு வந்து நாலு வீலோட டிரம், டிஸ்க் சூடு, நாலு டயர்லயும் மூணு மூணு இடத்துச் சூடு, ஸ்டாகர், ஸ்கேல்ல வந்த நாலு நம்பர், பித்தளை வால்வு இருக்கா இல்லையா, இத மட்டும் இதே இடத்துல எழுதுங்க. அந்த நம்பர வச்சு அடுத்து எதத் தொடணும்னு சொல்றேன்.